முனுசாமி அண்ணனின் குரலில் இன்றைய கத்தரிக்காய்

நகரிப் பக்கத்துச் சிறு விவசாயிகளின் காய்களைச் சென்னை உணவகங்களுக்கு அனுப்பிவைப்பது என் வேலை. (பெயர்களை மாற்றியிருக்கிறேன்.)

இன்று ரேணிகுண்டா பேருந்தில் இருந்தபோது விவசாயிகளும் உணவகத்தாரும் இருக்கும் வாட்ஸப் குழுவில் முனுசாமி அண்ணனின் குரல் வந்தது.

"ராத்திரி நல்ல மழம்மா. கத்திரிக்கா பறிச்சிக்கினு கீறோம்."

போன மாதம்தான் அவரை அடக்கம் செய்தோம். நேற்று மழையும் இல்லை.

அவர் இறந்த செய்தியை, அவர் காயை வாங்கும் உணவகத்துக்குத் தானே சொல்லிக்கொள்வதாக அவர் மனைவி சரசக்கா அன்று சொல்லியிருந்தார். உடனே அவரை அழைத்தேன்.

"பழசத்தான் அனுப்புனேன் பாப்பா. ஓட்டல்ல சாப்பிட வர்றவங்களுக்கு இவரு பேச்சத்தான போட்டுக் காட்றாங்க? ஆளு இல்லன்னா நம்ம காய எவன் கேப்பான்?"

"பறிக்கிறது நீங்கதானேக்கா? நீங்களே பேசுங்க."

"நான் பேசுனா சண்ட போடற மாரி இருக்கும். போ பாப்பா."

அதற்குள் உணவகத்துச் செஃப் குழுவில் எழுதியிருந்தார்: "மழையில நனையாதீங்கண்ணே. ஞாயித்துக்கிழமை இங்க வாங்க, எல்லாரும் உங்களப் பாக்கணுமாம்."

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அண்ணன் எண்ணிலிருந்து பதில் போனது: "சரி சார், வரேன்."

நீங்களாக இருந்தால் அதற்குக் கீழே என்ன எழுதுவீர்கள்?