கத்திரிப்பூ நிறத்தில் ஒரு சொட்டு

பிரஷ்ஷில் தொட்ட கிரீமை அந்தக் கைகள் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டிருந்தன. நடுவில் நிறுத்தினால் திட்டுத் திட்டாக வெளுத்துவிடும். தலைமுடியை வெளுக்க வைக்கும் கிரீம்தான். ஆனால் கீழே இருந்தது தலை இல்லை, பழைய கம்ப்யூட்டர் ஒன்றின் மேல்மூடி. கீபோர்டும் கம்ப்யூட்டரும் ஒரே பெட்டிக்குள் அடங்கியிருக்க, வீட்டு டிவியில் செருகி ஓட்டிய காலத்து மெஷின். கடையிலிருந்து வந்தபோது வெளிர் சாம்பல் நிறமாக இருந்தது, இப்போது டீக்கறை பிடித்த பல் மாதிரி மஞ்சளடித்துக் கிடந்தது. பூசி முடித்ததும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, காற்றுக் குமிழிகளை விரலால் நீவித் தள்ளி, மொட்டைமாடியில் நல்ல வெயில் விழும் இடமாகப் பார்த்து வைத்தாள்.

"இன்னைக்கு யாரோட தலை?" என்றபடி படியேறி வந்தான் கணவன். வீட்டின் கீழ்த்தளத்தில் அவனுடைய சலூன். கிரீம் போனது அவன் அலமாரியிலிருந்து.

"பேக்கரி அக்காவோட மெஷின்."

"என் கடைக்கு வர்றவங்கள விட உன் ஆளுங்கதான் அதிகமா கலர் பண்ணிக்கிறாங்க."

"என் ஆளுங்க கண்ணாடியப் பாத்துட்டு குறை சொல்றதில்ல. கொஞ்சம் தள்ளுங்க, நிழல் விழுது."

தெருவில் அவளுக்கு லிப்ட் அக்கா என்று பெயர். லிப்ட் பழுதுபார்ப்பது வேலை. நகரத்தில் பாதிக் கட்டடங்களின் உச்சியிலுள்ள மோட்டார் அறைகள் அவளுக்கு அத்துப்படி. அப்படி ஓர் அறையில்தான் முதல் மெஷினைக் கண்டாள். கிரீஸ் டின் ஆடாமலிருக்க யாரோ அதை அடியில் முட்டுக் கொடுத்திருந்தார்கள். "எடுத்துட்டுப் போம்மா, குப்பை குறையட்டும்" என்றார் காவலாளி. வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்து பார்த்தால், லிப்ட்டின் சர்க்யூட் பலகைகளில் அவள் தினமும் மாற்றுகிற, கரண்ட்டைத் தேக்கி வைக்கிற அதே மாதிரி கெப்பாசிட்டர்கள், கொஞ்சம் குட்டியாக. வீங்கியிருந்தவற்றைக் கழற்றி நல்லவற்றை வைத்தாள். டிவியில் செருகினாள். திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் எழுந்து கண் சிமிட்டியது. அவ்வளவுதான், ஆள் அதில் விழுந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு மெஷின்கள் வந்துகொண்டே இருந்தன. கட்டிலுக்கு அடியில் சில, அலமாரிக்கு மேல் சில, சாப்பாட்டு மேஜையின் கால்மாட்டில் சில. வீட்டில் மெஷின் இல்லாத இடம் குளியலறை ஒன்றுதான். அங்கேயும் வாளியில் ஏதாவது ஒரு மெஷினின் எழுத்துக் கட்டைகள் சோப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும். "குளிக்கப் போனா காலுக்கு அடியில 'எஸ்' குத்துது" என்று கணவன் சலூனில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அந்தச் சிரிப்பில் பெருமை இருப்பது வாடிக்கையாளர்களுக்குத் தெரியும்.

பேக்கரி அக்கா அவளுக்கு மூத்தவள், இரண்டு தெரு தள்ளிக் கடை. கையில் மாவு ஒட்டியபடியே ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே மெஷின், அதோடு ஒரு டேப் ரெக்கார்டர், ஒரே ஒரு கேசட்.

"தங்கச்சி, இதுக்குள்ள ஒரு விளையாட்டு இருக்கு. எங்க அண்ணன் ஸ்கூல்ல படிக்கும்போது எழுதினது. எனக்காக எழுதினானாம். ஒரு பெரிய வீட்டுக்குள்ள மாட்டிக்கிட்ட பொண்ணு வெளிய வரணும். எல்லா ரூமையும் தாண்டிட்டேன். கடைசி ரூம்ல கதவே இல்ல! எதை டைப் பண்ணாலும் 'அப்படிச் செய்ய முடியாது'ங்குது. கேட்டா, 'வழி இருக்கு, உனக்குத்தான் மூளை இல்ல'ன்னான். நீ வழியே எழுதலடான்னு நான் சொல்றேன். ரெண்டு பேருக்கும் தலை நரைச்சாச்சு, இன்னும் போன்ல இதே சண்டைதான்."

"இப்ப என்னக்கா திடீர்னு?"

"ஞாயித்துக்கிழமை வர்றான். எத்தனை வருஷம் கழிச்சு! அவன் மூஞ்சிக்கு நேரா உக்காந்து விளையாடணும். வழி இருந்தா நான் முட்டாள். இல்லன்னா அவன் பொய்யன். அதை நான் பாத்தே ஆகணும்." வாசல் வரை போனவள் திரும்பினாள். "நீ விளையாடிடாத. உள்ள எழுதியிருக்கிறதையும் பாத்துடாத. பதில் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் இந்த ஊர்ல முன்னாடியே இருக்கக் கூடாது."

மெஷின் சுலபமாகவே வழிக்கு வந்தது. டேப் ரெக்கார்டர்தான் பாடாய்ப் படுத்தியது. அந்தக் கால மெஷின்கள் புரோகிராமைக் கேசட்டில் சத்தமாகப் பதிந்து வைக்கும். கேசட்டை ஓட்டினால் காதைக் கிழிக்கிற ஒரு கீச்சொலி வரும். அந்தக் கீச்சைக் கேட்டுத்தான் மெஷின் புரோகிராமைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். ரெக்கார்டருக்குள் ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டியிருந்தது. சுரண்டி எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, புதுப் பெல்ட் போட்டாள். டேப்பை உரசிப் படிக்கிற ஹெட் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பக்கத்துத் திருகாணியின் தலையில் கத்திரிப்பூ நிறத்தில் ஏதோ ஒரு சொட்டு காய்ந்து கிடந்தது. எதுவோ சிந்தியிருக்கிறது என்று நினைத்தாள். ஊசியால் அதைச் சுரண்டிப் போட்டாள், திருகாணியைத் திருப்பினாள், ஹெட்டைத் தூக்குநூல் பிடித்தாற்போல் நேராக்கினாள். தன்னிடமிருந்த, கடையில் வாங்கிய ஒரு விளையாட்டுக் கேசட்டைப் போட்டுப் பார்த்தாள். மெஷின் அதை ஒரே மூச்சில் விழுங்கியது. அவளுக்குப் பரம திருப்தி.

பிறகு பேக்கரி அக்காவின் கேசட்டைப் போட்டாள். கீச்சொலி மந்தமாக, மூக்கடைத்தவர் பேச்சு மாதிரி வந்தது. திரையில் பிழை என்று ஒரு வரி.

சத்தத்தைக் கூட்டினாள். பிழை. குறைத்தாள். பிழை. கேசட்டை வெளியே எடுத்துப் பார்த்தாள். ஹெட்டின் மேல் பழுப்பாகப் பொடி. டேப் உதிர்ந்துகொண்டிருக்கிறது. ஓட்டுகிற ஒவ்வொரு முறையும் அண்ணன் எழுதியதில் கொஞ்சம் தூளாகிக் கொட்டுகிறது.

அப்போதுதான் அந்தச் சொட்டு நினைவுக்கு வந்தது.

லிப்ட் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் போல்ட்டைத் தளர்த்துவதற்கு முன்பும் அதன் தலையிலிருந்து தகடு வரை மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். திரும்ப முடுக்கும்போது கோடு கோட்டோடு சேர வேண்டும். இத்தனை வருஷத்தில் கோடு போடாமல் ஒரு போல்ட்டில் அவள் ஸ்பேனர் வைத்ததில்லை. அடுத்தவர் போட்ட கோட்டை அழித்ததும் இல்லை.

போனை எடுத்தாள். "அக்கா, ரெக்கார்டருக்குள்ள கத்திரிப்பூ கலர்ல ஒரு சொட்டு இருந்துச்சு. என்னன்னு தெரியுமா?"

"அய்யோ, அது என் நெயில் பாலிஷ்!" என்று கத்தினாள் பேக்கரி அக்கா. பின்னால் ஏதோ தட்டு விழுந்த சத்தம். "புது பாட்டில்! அவன்தான் எடுத்தான், இல்லவே இல்லன்னு சாதிச்சான்! ரெக்கார்டரைத் தொறந்து எதையோ திருகிட்டு, நான் தொடக் கூடாதுன்னு ஒட்டி வச்சானா? திருட்டுப் பய! ஏன் கேக்குற?"

"சும்மாதான்க்கா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

விஷயம் இப்போது தெளிவாகிவிட்டது. ஸ்கூல் பையனாக இருந்த அண்ணன் ஹெட்டைச் சாய்த்திருக்கிறான், சாய்ந்தபடியே விளையாட்டைப் பதிந்திருக்கிறான், அந்தச் சாய்வு மாறக் கூடாதென்று முத்திரையும் வைத்திருக்கிறான். சாய்வாக எழுதியதைச் சாய்வாகத்தான் படிக்க முடியும். அவள் நேராக்கியதுதான் கோணல். எவ்வளவு சாய்வு என்பதற்கு இருந்த ஒரே சாட்சியையும் ஊசியால் சுரண்டிக் குப்பையில் போட்டுவிட்டாள்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" என்று கேட்டான், டீயோடு வந்த கணவன். சொன்னாள். அவன் டீயை அவள் முன்னால் வைத்தான். "கோணலா வெட்டின முடிய நேரா வெட்டி சரி பண்ணிட்டியா?"

"அதேதான்."

"அப்ப நாம ஒண்ணும் பண்ண முடியாது, வளரட்டும்னு விட்டுடுவோம்."

"இது வளராதுங்க."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு அவளுக்குப் புத்தி கொஞ்சம் தெளிந்தது. ஹெட் சரியான சாய்வுக்கு வந்தால் சத்தம் கூர்மையாகும், விலகினால் மந்தமாகும். கோடு போனால் என்ன, காது இருக்கிறதே. கேசட்டின் தொடக்கத்தில், புரோகிராம் வருவதற்கு முன், ஒரே மாதிரி நீளமாக ஒரு ஊளை வரும். அந்த ஊளையை மட்டும் ஓட்டித் திருகாணியைச் சரிபார்க்கலாம். உதிர்ந்தாலும் ஊளைதான் உதிரும், விளையாட்டு தப்பிக்கும்.

சனிக்கிழமை காலை. கீழே சலூனில் கூட்டம். மேலே அவள் கதவைச் சாத்திக்கொண்டு, திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாள். ஊளை மந்தம். இன்னும் கொஞ்சம். மந்தம். இன்னும் கொஞ்சம். சட்டென்று மூக்கடைப்பு விட்டது. ஊளை கண்ணாடியில் ஆணி இழுத்தாற்போல் பளிச்சென்று வந்தது.

"மேல யாரு பூனைய அரைக்கிறது?" என்று கீழேயிருந்து ஒரு குரல். வாராவாரம் வருகிற டீச்சர்.

விரலை எடுத்து, மெஷினை இணைத்து, கேசட்டை முதலிலிருந்து ஓட்டினாள். திரை ஓரத்தில் நிறக்கோடுகள் துள்ளி ஓடின. வாங்குகிறது! மெஷின் வாங்குகிறது! பாதி வந்திருக்கும், திரை ஒரு முறை துடித்து அப்படியே நின்றுவிட்டது. அதே நொடியில் கீழே ஹேர் டிரையர் உறுமத் தொடங்கியிருந்தது.

படிக்கட்டின் நடுவில் நின்று கீழே பார்த்துக் கத்தினாள். "டிரையரப் போடாதீங்க! கரண்ட்டு கலங்குது! நான் சொல்ற வரைக்கும் யாரும் எதையும் போடாதீங்க!"

"எனக்குப் பாதித் தலைதான் காஞ்சிருக்கு" என்றாள் டீச்சர்.

"டீச்சர், ஒரு பொண்ணு வீட்டுக்குள்ள மாட்டிக்கிட்டிருக்கா. அவள வெளிய எடுக்கணும்" என்றான் கணவன், முகத்தை மிகவும் தீவிரமாக வைத்துக்கொண்டு. பிறகு கதையை நடந்தது நடந்தபடியே சொன்னான். நெயில் பாலிஷ் திருட்டு வரும்போது சலூன் மொத்தமும் பேக்கரி அக்காவின் பக்கம் சேர்ந்துவிட்டது.

டிரையர்கள் அணைந்தன. மின்விசிறியையும் நிறுத்தினார்கள். வேண்டியதில்லை, ஆனாலும் நிறுத்தினார்கள். ஈரத் தலையும் நுரைத் தாடையுமாக ஒரு கூட்டம் மூச்சுக்கூட மெதுவாக விட்டபடி கூரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. மேலே கீச்சொலி தொடங்கியது. எழுந்தது, தணிந்தது, மறுபடி எழுந்தது. டீச்சரின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது.

கீச்சொலி நின்றது.

"வந்துடுச்சு!" என்று மேலேயிருந்து ஒரு அலறல்.

கீழே கைதட்டல் கிளம்பியது. பாதி சவரத்தில் இருந்தவர் எழுந்து நின்றே தட்டினார். லிப்ட் அக்கா திரையில் முதல் வரியை மட்டும் பார்த்தாள், அதற்கு மேல் ஒரு எழுத்தையும் கண் தொடவில்லை. புதுக் கேசட் ஒன்றைப் போட்டு விளையாட்டை மறுபதிவு செய்தாள், இன்னொன்றிலும் செய்தாள். பிறகு சலூன் அலமாரியில் இருந்த சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு சொட்டு எடுத்து, திருகாணி தகட்டோடு சேரும் இடத்தில் வைத்தாள். அது காய்கிற வரை பக்கத்திலேயே உட்கார்ந்து ஊதினாள்.

ஞாயிற்றுக்கிழமை பேக்கரிக்கு மேலே இருந்த வீட்டுக்கு மெஷினைக் கொண்டுபோனாள். வெளுத்த மூடி புதுச் சோப்புக் கட்டி மாதிரி இருந்தது. முதல் வேலையாகத் திருகாணி விஷயத்தைப் பேக்கரி அக்காவிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். "ஓடுதுல்ல? அப்புறம் என்ன, விடு" என்று அவள் டிவியைத் துடைக்கப் போய்விட்டாள். அண்ணன் ஆள் ஆறடி, முன்வழுக்கை, மிச்சமெல்லாம் நரை, சிரித்த முகம். வயர் பிடித்துத் தருகிற சாக்கில் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"ஏங்க, நீங்க உள்ள எழுதியிருக்கிறதப் பாத்தீங்களா?"

"இல்லைங்க."

"சும்மா சொல்லாதீங்க. கொஞ்சம்கூடவா?"

"பாக்கக் கூடாதுன்னு உங்க தங்கச்சி கண்டிஷன்."

அவர் குரலை இன்னும் தாழ்த்தினார். "எனக்கே தெரியலைங்க. கதவு எழுதினேனா, எழுதணும்னு நெனச்சேனா, ஒண்ணும் ஞாபகம் இல்ல. இத்தனை வருஷமா இருக்கு இருக்குன்னு சொல்லியே நானே நம்பிட்டேன்."

"அப்ப நீங்களும் விளையாடித்தான் பாக்கணும்."

"செத்தேன்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னடா அங்க குசுகுசுன்னு? லஞ்சம் குடுக்கிறியா?" என்றாள் பேக்கரி அக்கா. நாற்காலியை இழுத்துத் திரைக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள். "நெயில் பாலிஷ் கணக்கு தனியா இருக்கு. முதல்ல இது முடியட்டும்."

கீச்சொலி ஓடி நின்றது. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. 'நீ கண் விழிக்கிறாய். அறை இருட்டாக இருக்கிறது.'

"விளக்கைப் போடுன்னு அடி" என்றார் அண்ணன், கையை நீட்டி.

"எனக்குத் தெரியும்! தொட்டேன்னா விரல ஒடிச்சிடுவேன்."

லிப்ட் அக்கா வயர் இழுபடாமல் மெஷினை இரண்டு கைகளாலும் தூக்கினாள், திருப்பினாள், பேக்கரி அக்காவின் மடியில் வைத்தாள்.