மைத்துனரின் டெக்னோவில் ஊற்று

என் மைத்துனர் ஆவுடையார்கோவிலில் எங்கள் வீட்டு மாடியறையிலிருந்து ஒரு சிறிய இசை நிறுவனத்தை நடத்துகிறார். டெக்னோ, ஹவுஸ் என்னும் மின்னணு இசையை இணையத்தில் வெளியிடுவதே அதன் தொழில். சென்ற ஆடியில் ஒரு நாள், மாலைக்குள் வெளியிடவேண்டிய பாட்டை இரண்டிலிருந்து தேர்ந்தெடுக்க இயலாமல் என்னை அழைத்தார்.

"நீங்க சொல்றதுதான் மச்சான் தீர்ப்பு."

எனக்கோ இரண்டும் ஒரே இடியாகக் கேட்டன. நான் திருதிருவென விழித்துக்கொண்டிருக்கையில், பக்கத்து வீட்டு அம்மாள் மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"போர் போடுறீங்களா? ஒரு வார்த்தை சொல்லலையே! எத்தனை அடி போயிருக்கு?"

"இது பாட்டுங்கக்கா," என்றார் மைத்துனர், முகம் வாடி.

அம்மாள் நம்பவில்லை. துளையிடும் வண்டி எங்கேனும் நிற்கிறதா என்று சன்னல் வழியே எட்டிப் பார்த்தபின், இரண்டையும் மறுபடி போடச் சொன்னார். தம் கொல்லையில் மூன்று முறை துளையிட்டு, இருமுறை வெறும் பாறையைக் கண்டவர் அவர். கண்களை மூடிக்கொண்டு இறுதிவரை கேட்டார். அந்தப் பாட்டுகளை முழுமையாகக் கேட்ட முதல் மனிதர் அவரே.

"மொதப் பாட்டு பூராவும் பாறை தம்பி. ரெண்டாவதுல பாதிக்கு மேல சத்தம் எளகுது பாருங்க, அங்கிட்டுத்தான் ஊத்து இருக்கு."

மைத்துனர் இரண்டாவதை வெளியிடப் பொத்தானை அழுத்தப் போனார். அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சூடம் ஏத்தாமலா?"

தம் வீட்டிலிருந்து சூடமும் எலுமிச்சம்பழமும் கொண்டுவந்து, கணினிக்குச் சுற்றிக் காட்டிய பிறகே பொத்தானை அழுத்த விட்டார்.