பால் வண்டிக்கு மூன்று சாண் சுவர்

எங்கள் ஊர் முக்குக்குப் பால் வண்டி காலை ஆறிலிருந்து ஏழுக்குள் வரும். கறந்த பாலை ஊற்ற நான் கேனோடு போய் நிற்பது ஆறு இருபதுக்கு. எந்த நாள் போனாலும் வண்டி எனக்கு முன்னாலேயே போய்விட்டதாகத்தான் மனதில் நின்றது. மாதத்தில் பத்து நாள் பால் ஊற்றத் தவறினால் உறுப்பினர் அட்டையை வாங்கிவிடுவோம் என்று பால் சங்கத்தில் சொல்லியிருந்தார்கள்.

டிரைவர் மேல்தான் எனக்குச் சந்தேகம். கேனை உருட்டியதற்கு அவனை நாலு பேர் முன்னால் திட்டியிருந்தேன்.

"நா வாரப்ப மட்டும் எப்படியப்பா முன்னாலயே போயிடற?"

"ஏனுங்கம்மா, ஒம்பது ஊரு சுத்தி வாரேனுங்க. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவுல எந்த நிமிசம்னு எனக்கே தெரியாதுங்க."

நம்பவில்லை. எனக்கு எழுத வராது. கையெழுத்துப் போடுவேன், மணி பார்ப்பேன். மாட்டுக் கொட்டகைச் சுவரில் மூன்று சாண் நீளத்துக்குக் கரியால் கோடு இழுத்தேன். இந்த முனை ஆறு, அந்த முனை ஏழு. சாணுக்கு இருபது நிமிடம். தினமும் ஹாரன் கேட்ட நேரத்துக்கு நேராக ஒரு புள்ளி. எல்லாம் முதல் சாணில், நான் போய் நிற்கும் ஆறு இருபதுக்கு முன்னால், குவியட்டும், பிறகு அவனைக் கேட்கிறேன் என்றிருந்தேன்.

"ஏனுங்கத்தை, அந்தாளுக்குச் செவுத்துலயே ஜாதகம் எழுதறீங்களாட்ட இருக்குது" என்றாள் மருமகள்.

முப்பது நாள் கழித்து எண்ணினேன். முதல் சாணில் பதினொன்று, நடுவில் ஒன்பது, கடைசியில் பத்து. எங்கும் குவியவில்லை, தெளித்த சாணித்தண்ணீர் மாதிரி கோடு முழுக்கப் பரவிக் கிடந்தது. இவள் போய் அவனிடம் சொல்லிவிட்டாளோ என்று மருமகளைக்கூட ஒரு நாள் கவனித்தேன். பிறகுதான் உறைத்தது: வண்டிக்காக அரை மணி நின்று ஊர்க்கதை பேசிய நாட்களை நான் எண்ணியதே இல்லை. தவறிய நாட்கள் மட்டும் முள்ளாகக் குத்தி நின்றன.

ஆனாலும் தவறிய நாள் பதினொன்று பதினொன்றுதான். அட்டை போய்விடும். அடுத்த மாதம் வரை பொறுங்கள் என்று சங்கத்தில் கேட்டுவிட்டு வந்தேன். நான் இப்படிக் கேட்கிறவள் இல்லை.

அவன் எப்போது வருவான் என்பது என் கையில் இல்லை. நான் எப்போது நிற்பேன் என்பது என் கையில். பத்து நிமிடம் முன்னால், ஆறு பத்துக்கே போனால், எனக்கு முன்னால் விழுவது அரைச் சாண்தான், கோட்டில் ஆறில் ஒரு பங்கு. முப்பது நாளில் ஐந்து தவறும். காபி குடிக்காமல் மாட்டிடம் உட்காராதவள் நான்; அந்தக் காபியை வண்டி போன பிறகு வைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் ஆறு நாள் தவறியது. அட்டை என்னிடமே இருக்கிறது.

டிரைவரிடம் இதைச் சொல்லவில்லை. புள்ளி வைப்பதையும் நிறுத்தவில்லை.