இரண்டு முன்பக்கங்கள் கொண்ட பத்திரிகை

என் மேசைக்கு மேலே ஒரு கல்யாணப் பத்திரிகை நூலில் கட்டித் தொங்குகிறது. சுவரில் ஒட்டிவிட்டால் என்ன என்று அலுவலகத்துக்கு வருகிற எல்லாரும் கேட்டாகிவிட்டது. ஒட்ட முடியாது. ஒட்டினால் ஒரு பக்கம் மனிதர்களைப் பார்க்கும், இன்னொரு பக்கம் சுவரைப் பார்க்கும். அப்படி எந்தப் பக்கமும் பின்னால் போய்விடக் கூடாது என்றுதான் ஒரு குடும்பமே தூக்கம் கெட்டுக் கிடந்தது. மின்விசிறிக் காற்றில் அது பாட்டுக்கு மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கும். பார்க்கும்போதெல்லாம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் வரும். பிறகு சிரிப்பு வந்துவிடும்.

திருவண்ணாமலையில், செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டி, ஒரு கஃபேயின் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே வெளிநாட்டுக்காரர்கள் கண்களை மூடி மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். மேலே நானும் அவரும் சண்டை போட்டுக்கொண்டிருப்போம். ஊருக்கு வருகிறவர்களுக்கு வாடகை அறைகளைத் தரவாரியாக வரிசைப்படுத்திக் காட்டும் செயலி எங்களுடையது. அவர் நிரல் எழுதுவார், நான் சோதிப்பேன், அவசரம் என்றால் நானும் எழுதுவேன். அவர் கையாண்டது ஃபங்ஷனல் புரோகிராமிங் என்கிற நிரல் எழுதும் முறை. அதில் டைப் கிளாஸ் என்று ஒன்று உண்டு. எளிமையாகச் சொன்னால் அது ஒரு வாக்குறுதி. ‘வரிசை’ என்ற டைப் கிளாஸில் ஒரு பொருளைச் சேர்த்தால், அந்த வகையில் எந்த இரண்டைக் கொடுத்தாலும் எது மேல், எது கீழ், அல்லது இரண்டும் சமம் என்று சொல்லியே தீருவேன் என்று வாக்குக் கொடுப்பதாக அர்த்தம். எங்கள் அறைகளை அதில் சேர்க்க மாட்டேன் என்று மனிதர் ஒற்றைக்காலில் நின்றார்.

“மேடம், ஒரு ரூம்ல மலை தெரியுது, வெந்நீர் வரல. இன்னொண்ணுல வெந்நீர் வருது, மலை தெரியல. எது மேல? சொல்லுங்க பாப்போம்.”

“வெந்நீர்தான். மார்கழி மாசம் வந்து பச்சைத்தண்ணில குளிச்சுப் பாருங்க.”

“அது உங்களுக்கு. மலையைப் பாக்கறதுக்குன்னே கடல் தாண்டி வர்றாங்களே, அவங்களுக்கு?”

அதனால் அறைகளை அவர் ‘பகுதி வரிசை’ என்கிற இன்னொரு டைப் கிளாஸில் சேர்த்தார். அதிலும் விதிகள் உண்டு. ஒன்று இரண்டாவதற்குக் கீழே, இரண்டாவது மூன்றாவதற்குக் கீழே என்றால், ஒன்று மூன்றாவதற்கும் கீழேதான். ஆனால் மேல், கீழ், சமம் என்ற மூன்று விடைகளோடு நான்காவதாக ஒன்றும் அதில் உண்டு: ‘சொல்ல முடியாது’. மலையும் தெரிந்து வெந்நீரும் வருகிற அறை இரண்டுக்கும் மேல். அந்த இரண்டுக்குள்ளே மட்டும் கேட்டால் சொல்ல முடியாது. கேட்ட இடத்தில் அந்த விடைக்கு ஒரு வழி பண்ணாமல் நிரல் ஓடவே ஓடாது. வாடிக்கையாளர் நெருக்கிய ஒரு நாள், நான் பொறுமையிழந்து ‘சொல்ல முடியாது’ வருகிற இடத்திலெல்லாம் ‘சமம்’ என்று போட்டுவிட்டேன். நிரல் அழகாக ஓடியது. மறுநாள் பார்த்தால், மலை தெரிகிற, மின்விசிறி இல்லாத அறை முதலில் நிற்கிறது. மற்ற எல்லாம் அதே மாதிரி இருந்து மின்விசிறியும் உள்ள அறை கடைசியில். நடுவில் ஒரு வெந்நீர் அறை உட்கார்ந்துகொண்டு, எனக்கு அவரும் சமம் இவரும் சமம் என்று இரண்டு பக்கமும் சொல்லிக் குட்டையைக் குழப்பியிருக்கிறது. “சொல்ல முடியாதுங்கறது வேற, சமம்ங்கறது வேற மேடம்” என்றார்.

அந்தச் சமயத்தில்தான் அவருக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மணமக்கள் பெயரைவிட உறவினர் பட்டியல் நீளம். அதில் முதல் பெயர் யாருடையது என்பதில் சம்பந்தமே முறிந்த வீடுகள் உண்டு. அவருக்கு இரண்டு மாமாக்கள். அம்மாவின் அண்ணன் கீழ்பென்னாத்தூரில் மணிலாக்கடலை வியாபாரம் செய்பவர். அத்தையின் கணவர் திருவண்ணாமலையிலேயே தேரடி வீதிப் பக்கம் பாத்திரக்கடை வைத்திருப்பவர், அவரை டவுன் மாமா என்பார்கள். ‘நான் தாய்மாமன், எனக்கு முன்னால யாரு’ என்பது அவர். ‘நான் இந்த வீட்டு மூத்த மாப்பிள்ளை, அவருக்குப் பின்னாலயா’ என்பது இவர். பெயர் இரண்டாவதாக வந்தால் மண்டபத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று இரண்டு பேரும் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அதைக் கேட்டு நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய பள்ளிக்கூட வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். டவுன் மாமா வீட்டில் தங்கித்தான் படித்தது. பசுக்களை விற்றுக் கல்லூரியில் சேர்த்தது கீழ்பென்னாத்தூர் மாமா. “ஒருத்தர் வரலன்னாலும் எனக்குக் கல்யாணம் வேணாம் மேடம்” என்றார். கஷ்டமாக இருந்தது. மசால்வடை வாங்கிக் கொடுத்தேன், வேறு என்ன செய்வது.

அவருடைய அம்மா சமாதானம் பேசப் போனார். “எங்களுக்கு நீங்க ரெண்டு பேருமே சமம்ண்ணா” என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். கீழ்பென்னாத்தூர் மாமா நிதானமாகக் கேட்டாராம்: “சரி, சமம். என் தம்பி இருக்கானே, அவன் டவுன்காரருக்கு மேலயா, கீழயா?” அதையும் தீர்மானிக்க முடியாமல் அம்மா, சமம்தான் என்று சொல்லி வைத்திருக்கிறார். “அப்போ அவரும் நானும் ஒண்ணு, அவரும் என் தம்பியும் ஒண்ணு. நானும் என் தம்பியும் ஒண்ணுன்னு ஆயிடுச்சு. இந்த வீட்ல பெரியவன் சின்னவனே கிடையாதா?” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். மறுநாள் காலை என் பக்கத்து நாற்காலியில் வந்து விழுந்த மாப்பிள்ளை, “உங்க தப்பைக் கீழ்பென்னாத்தூர் மாமாவும் புடிச்சுட்டார் மேடம்” என்றார்.

அதற்குப் பிறகு அலுவலக வேலையே நடக்கவில்லை. உறவினர் அத்தனை பேரையும் நிரலில் ஏற்றினார். அம்மா வழியில் வயதுப்படி, அப்பா வழியில் வயதுப்படி, குறுக்கே கேட்டால் சொல்ல முடியாது. இரண்டு வரிசைகள் வந்தன. இரண்டிலும் அண்ணனுக்கு முன் தம்பி வரவில்லை, ஒரு விதியும் மீறப்படவில்லை. ஒன்றில் கீழ்பென்னாத்தூர் மாமா முதல், மற்றதில் டவுன் மாமா முதல். இரண்டையும் எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனார், நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். அட்டையின் இரண்டு பக்கமும் முழுப் பத்திரிகை, இரண்டு பக்கமும் பிள்ளையார், இரண்டு பக்கமும் மஞ்சள். அச்சக பாய் கண்ணாடியைக் கழற்றினார்.

“தம்பி, இதுல முன்பக்கம் எது?”

“ரெண்டுமே முன்பக்கம்தான் பாய்.”

“அப்போ பின்பக்கம்?”

“கிடையாது.”

“செலவு ஜாஸ்தியாவும். ரெண்டு பக்கமும் படிச்சுட்டு, ரெண்டு கல்யாணம்னு நெனைச்சுக்கப் போறாங்க” என்று சொல்லிவிட்டு அடித்துக் கொடுத்தார். எந்த வீட்டுக்கு எந்தப் பக்கம் மேலே தெரிய வேண்டும் என்று பார்த்துப் பார்த்து உறைக்குள் போட்டது நான்தான். உறையைப் பிரித்த மாமாக்கள் தங்கள் பெயர் முதலில் இருப்பதைக் கண்டார்கள். சொந்தப் பெயரைக் கண்ட பிறகு யாராவது திருப்பிப் பார்ப்பார்களா? ஒருவரும் பார்க்கவில்லை.

வேட்டவலம் சாலை மண்டபத்தில் முகூர்த்தத்துக்கு முன்பு, வீட்டுப் பெரியவர்களுக்கு மாலை போடும் நேரம் வந்தது. தட்டை ஏந்தியவர் முதல் மாலை யாருக்கு என்றார். இரண்டு மாமாக்களும் ஒரே நேரத்தில் சட்டைப் பையிலிருந்து பத்திரிகையை எடுத்தார்கள். “அச்சுலயே போட்டிருக்கான், பாத்துக்கோங்க” என்று ஒருவர் மற்றவரிடம் நீட்ட, அவர் வாங்கித் திருப்ப, இவர் தன்னுடையதைத் திருப்ப, இரண்டு முன்பக்கங்களும் வெளியே வந்துவிட்டன. நாதஸ்வரக்காரர்கூட நிறுத்திவிட்டார்.

“என்னடா வேலை இது?” என்றார் கீழ்பென்னாத்தூர் மாமா. “நாலு பேருக்கு முன்னாடி இப்ப சொல்லு. யாருடா முதல்ல?”

நெற்றியில் கட்டியிருந்த கல்யாணப் பாசிகம் ஆட, மாப்பிள்ளை எழுந்து நின்றார். “சொல்ல முடியாது மாமா. பயந்துகிட்டுச் சொல்லல. அவர் வீட்டுச் சோத்துல வளந்தேன். நீங்க மாட்டை வித்துப் படிக்க வெச்சீங்க. எதை எதுக்குக் கீழ வைக்கிறது? என்னால முடியல. ராத்திரியெல்லாம் யோசிச்சும் முடியல. நீங்க ரெண்டு பேரும் பாத்து என்ன சொன்னாலும் சரி.” சொல்லிவிட்டு அந்த மனிதர் எல்லார் முன்னாலும் அழுதார்.

யாரும் எதிர்பார்க்காதது அதற்குப் பிறகுதான் நடந்தது. முடிவு தங்கள் கைக்கு வந்ததும் மாமாக்கள் இருவருக்கும் திடீரென்று மரியாதை தெரிந்துவிட்டது. “நீங்க போட்டுக்கோங்க” என்றார் டவுன்காரர். “சேச்சே, வீட்டு மாப்பிள்ளை நீங்க, உங்களுக்கப்புறம்தான் நான்” என்றார் கீழ்பென்னாத்தூர்காரர். “பசுவை வித்தவர் நீங்க.” “சோறு போட்டது நீங்க.” மாலை ஒரு கழுத்திலிருந்து இன்னொரு கழுத்துக்கு நகர்ந்துகொண்டே இருந்தது. இருவரும் விடுவதாக இல்லை, குரல் மறுபடி உயர ஆரம்பித்துவிட்டது. ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். அதுவரை தலைகுனிந்து உட்கார்ந்திருந்த மணப்பெண் நிமிர்ந்து, “நல்ல நேரம் போவுதுங்க. ரெண்டு பேரும் ஒரே மாலையை மாட்டிக்கிட்டு நில்லுங்க” என்றாள். பெரிய மாலை, இருவர் தலையும் நுழைந்தது. தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு, தாலி கட்டி முடிகிற வரை அசைய முடியாமல் இருவரும் நின்றார்கள். கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட அவர்களைப் பிரிக்க முடியாது.

பிறகு அந்தப் பெண்ணுக்கு வங்கி வேலை ஓசூருக்கு மாற்றலாகி, அவரும் போய்விட்டார். பத்திரிகையைத் தொங்கவிட்டது அப்போதுதான். இப்போது அந்த நாற்காலியில் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். வேகம், சுறுசுறுப்பு, சொன்னதைக் கேட்கும் குணம், எல்லாம் இருக்கிறது. ‘வரிசை’யில் சேர் என்றால் ஒரு கேள்வி கேட்காமல் சேர்த்துவிடுகிறாள். போன வாரம் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. முன்னாடி இங்க இருந்தாரே, அவரைவிட நான் பரவால்லையா?”

நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். பத்திரிகை மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

“சொல்ல முடியாதும்மா” என்றேன். அவள் நிம்மதியாகப் போய் உட்கார்ந்தாள். இது அவர் காதில் விழுந்திருந்தால் விட்டிருக்கவே மாட்டார். விடை தெரியாதபோதுதான் அதைச் சொல்ல வேண்டும் மேடம் என்று சண்டைக்கு வந்திருப்பார். எனக்கு விடை நன்றாகவே தெரியும், அவளிடம் சொல்லத்தான் மனம் வரவில்லை.