நாலாவது ராஜாவும் என் தற்காலிக உத்தியோகமும்

வாத்தியார் வேலையில் பாடம் நடத்துவது சுலபம். நடத்திய பாடம் பிள்ளைகளோடு வீட்டுக்குப் போன பிறகு தெருவில் நடப்பதுதான் கஷ்டம். தற்காலிக நியமனத்தில் ஒரு வருஷமாவது தள்ளிய சக ஆசிரியர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான்; அதிலும் பி.ஏ. ஆவூர்ப் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளியில் சரித்திர ஆசிரியராகச் சேர்ந்தேன். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்ததும் நிரந்தரமா, ஊர் திரும்புவதா என்று பங்குச் சாமியார் சொல்வார். பள்ளிக்கு மேனேஜரும் அவரே. ஊரில் எங்கள் அப்பா, நான் நிரந்தரமாகிவிட்டதாகவே எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

துரைமார் பண்டிகை

கீரமங்கலத்தில் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் வெள்ளைக்காரத் துரைகளின் பண்டிகை. மிஷன் பள்ளியில் சேர்ந்துவிட்டேன் என்றதும் அப்பாவுக்குப் பாதி சந்தோஷம், பாதி பயம். கேக்கைத் தின்னக் கொடுத்துத் தொப்பியும் மாட்டிவிடுவார்களோ என்று கவலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னேன். ஏசுநாதர் பிறந்தது இங்கிலாந்தில் இல்லை, நம்மைப் போல வெயிலும் மாடும் ஆடும் உள்ள கிழக்குச் சீமையில். துரைமார் தேசத்துக்கே அந்த வேதம் வெளியிலிருந்து போனதுதான் என்றேன். அப்பா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். பிறகு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியவர் போலச் சொன்னார்: "அப்ப தொரைக்கும் அது வந்த சாமிதானா! இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் இம்புட்டுப் பயந்திருக்க மாட்டேனேப்பா."

பஞ்சுப் பனி

பள்ளியில் கிறிஸ்துமஸ் குடில் கட்டுவது டிராயிங் மாஸ்டர் அருளப்பன் பொறுப்பு. கொட்டகை மேலும் தரை மேலும் இலவம்பஞ்சை உதிர்த்துப் பனி செய்வார். காற்றடித்தால் பனி பறந்து மாட்டு பொம்மையின் மூக்கில் ஒட்டும். மாதாவின் மடியில் விழும். அதைப் பார்த்துத் தும்மாத பிள்ளை கிடையாது.

பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்லலாமே என்று நான் சுவிசேஷத்தை முதலிலிருந்து படித்து வைத்திருந்தேன். அதில் பனி பெய்ததாக ஒரு வரி இல்லை. இடையர்கள் வெட்டவெளியில் ஆடு காத்தார்கள் என்றுதான் இருக்கிறது. வாழ்த்து அட்டைப் படங்களில் இருக்கும் பனி ஐரோப்பாக்காரர்கள் அவர்கள் ஊரைப் பார்த்துப் போட்டுக்கொண்டது என்று மெதுவாகச் சொன்னேன். அருளப்பன் கோபிக்கவில்லை. பஞ்சை ஓர் ஓரமாகத் தூக்கிக் காட்டினார்: "பனி கெடையாதுன்னு எனக்கும் தெரியும் சார். இத எடுத்துட்டா அடியில கிழிஞ்ச சாக்கு தெரியுதே, அதுக்கு என்ன பண்ணச் சொல்றீங்க?"

தேதி

டிசம்பர் இருபத்தைந்து என்று வேதப் புத்தகத்தில் எங்கே போட்டிருக்கிறது என்று ஆறாம் வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். போடவில்லை, பின்னாட்களில் சபையார் கூடி வைத்துக்கொண்ட தேதி என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உத்தியோகம் ஞாபகம் வந்தது. யாராவது போய்ச் சொல்வதற்கு முன்னால் நாமே சொல்லிவிடுவோம் என்று ஹெட்மாஸ்டரிடம் ஓடினேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நிதானமாகக் கேட்டார்: "நம்ம பள்ளிக்கூடத்துல பாதிப் பிள்ளைகளுக்குப் பொறந்த தேதி, சேர்க்கும்போது நானா போட்டதுதான். அதுனால அதுக பொறக்கலன்னு ஆயிருமா சார்?"

மூன்று ராஜாக்கள்

இதுவரை தப்பித்தேன். அடுத்த கேள்வியில் மாட்டிக்கொண்டேன்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். புது வருஷம் பிறந்து சில நாளில், குழந்தை ஏசுவைப் பார்க்க வந்த ராஜாக்களின் திருநாள் வரும். அன்று மாலை மூன்று பழைய தெருக்களும் தெருவுக்கு ஒரு ராஜாவை அனுப்பும். நாடகக்காரர்களிடம் வாங்கிய சரிகைச் சட்டையும் காகிதக் கிரீடமுமாக ராஜாக்கள் முன்னே நடப்பார்கள். தெருவே பின்னால் போகும். குளத்துத் தெருவார் பிறகு வந்து குடியேறியவர்கள். அவர்களுக்கு ராஜா கிடையாது. கடைசியில் நடந்து வருவார்கள்.

எத்தனை ராஜாக்கள் என்று வகுப்பில் கேட்டார்கள். கிழக்கேயிருந்து ஞானிகள் வந்தார்கள் என்றுதான் இருக்கிறது, ராஜாக்கள் என்றும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை; பொன், தூபம், மீறை என்ற வாசனைப் பிசின் என்று காணிக்கை மூன்று, அதனால் ஆட்களையும் மூன்றாக்கிவிட்டார்கள் என்றேன். கேள்வி கேட்ட பிள்ளை குளத்துத் தெரு என்பதை நான் கவனிக்கவில்லை.

மாலையில் அந்தத் தெருப் பெரிய ஆள் சவரிமுத்து பத்துப் பேரோடு என் அறை வாசலில் நின்றார். "எண்ணிக்கை கெடையாதாமுல்ல! அப்ப நாலாவது ராசா எங்க தெரு." அவர் போவதற்குள் பழைய தெருக்காரர்கள் உபதேசியாரை அழைத்துக்கொண்டு சாமியாரிடம் போய்விட்டார்கள். கோயிலில் ஜெபம் சொல்லிக் கொடுக்கும் உபதேசியார்தான் அவர்களுக்கு வாய். வேற்று மதத்துப் பையன் வேதத்தையே மாற்றுகிறான் என்று புகார்.

சாமியார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். முற்றத்தில் இரண்டு கட்சியும் நின்றன. "இப்படிச் சொன்னீங்களா?" என்றார். பிசகிச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை போதும், உத்தியோகம் தப்பும். அப்பா ஊரில் சொல்லி வைத்தது கண்முன் வந்தது. ஆனால் எதிரில் சவரிமுத்து என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொன்னேன் சாமி. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்றேன்.

சாமியார் புத்தகத்தை எடுத்துப் படித்தார். மறுபடி படித்தார். "எண்ணிக்கை போடலதான்" என்றார்.

உபதேசியார் விடவில்லை. "காணிக்கை மூணுதானே சாமி? நாலாவது ராசா வெறுங்கைய வீசிக்கிட்டு வாரதா?"

சவரிமுத்து ஓர் அடி முன்னால் வந்தார்: "வெறுங்கையோட ஏன் வாரோம்? தாம்பாளம் நெறைய அதிரசம் கொண்டாரோம், போதுமா?"

நாலாவது ராஜா

சாமியாரே சிரித்துவிட்ட பிறகு யார் தடுப்பது? அந்த வருஷம் நாலு ராஜாக்கள் நடந்தார்கள். சரிகைச் சட்டை மூன்றே இருந்ததால் சவரிமுத்து தம் கல்யாணப் பட்டு வேட்டியில் வந்தார். குளத்துத் தெரு முழுக்கத் தலைசீவிப் பூ வைத்து, அவர் பின்னால் நிமிர்ந்து நடந்தது. பொன்னையும் தூபத்தையும் மீறையையும் குடிலில் வைத்தார்கள். அதிரசம் மட்டும் குடில்வரை போய்ச் சேரவில்லை. உபதேசியார் கையிலும் ஒன்று இருந்தது.

பள்ளி திறந்த அன்று சாமியார் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். அவர் கையெழுத்திட்ட தாளை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "ஒங்கள நிரந்தரமாக்கிட்டேன். ஆனா இனிமே கணக்குப் பாடம் எடுங்க சார். அதுல எண்ணிக்கையெல்லாம் புத்தகத்துலயே போட்டிருக்கும்."

கணக்குப் பாடத்தில் நிம்மதி இருக்கிறது, இரவில் தூக்கமும் வருகிறது. ஆனால் நான் சொன்ன ஒரு வாக்கியத்தை நம்பி ஒரு தெருவே தலைசீவிக்கொண்டு புறப்பட்டது சரித்திரம் எடுத்த அந்த ஒரு வருஷத்தோடு சரி.