அழிக்காத கசெற்

நான் பாடிய கோவில் குழுவுக்கு ஆர்மோனியம் வாசித்த சூசை மாஸ்ரர், யாரும் கேட்டிராத புதுவிதமாகத் தவக்கால இசை அமைத்தார். "நாய் ஊளை" என்று குழுத் தலைவர் அவரை விலக்கினார். அந்தக் கவலையோடே மாஸ்ரர் இறந்தார்.

பிறகு கடலோர ஊரான வங்காலையில் அவர் மகளிடம், அவர் தன் இசையைப் பதிந்து வைத்த ஒரு கசெற் கிடைத்தது. முதல் பாட்டிலேயே கச்சான் காற்றும் கடலும் மோதின, அழுதுவிட்டேன். தலைவரைப் பழிவாங்க, மீதியைக் கேட்காமலே குழுவின் முன்னால் அதைப் போட்டேன்.

"அருமை தம்பி! ஆர் அமைச்சது?"

"நீங்கள் நாய் ஊளை எண்டு கலைச்சனீங்களே, அந்த மாஸ்ரர்தான்."

அவர் முகம் செத்தது. எனக்கு இனித்தது.

கசெற்றில் அடுத்தது, எங்கள் பழைய ஒத்திகையில் பதிந்த பாட்டு. அதன் நடுவே ஓர் இளங்குரல் நாய்போல ஊளையிட்டது. பலர் சிரிப்பதும் கேட்டது.

"இது உன்ர குரல் எல்லோ?" என்றார் தலைவர்.

ஓம். வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன், எல்லாம் தெரிந்தவன் என்ற திமிரில் அன்று ஊளையிட்டவன் நான்தான், மறந்திருந்தேன். மாஸ்ரர் அதை அழிக்காமல் வைத்திருந்தார்.

தலைவரை இன்றும் மன்னிக்கவில்லை. என்னையும்தான்.