மகளின் வாயைத் திறக்கக் கேட்டேன், என் தொண்டையை அடைத்தார்

2004 ஜூன் மாதம், எங்கள் குடும்ப ஜெபத்தில் என் மகள் பெனிட்டா வாய் திறப்பதை நிறுத்திவிட்டாள். தினமும் மாலை ஏழு மணிக்கு நாங்கள் மூன்று பேரும் பாய் விரித்து உட்காருவோம். என் கணவர் ஒரு பாட்டு, நான் இரண்டு பாட்டு. பிறகு ஒவ்வொருவரும் மனப்பாரத்தைச் சத்தமாகச் சொல்லி ஜெபிக்க வேண்டும். பதினான்கு வயதாகியும் தெருவில் நொண்டுகிற பூனைக்குக்கூட ஜெபிக்கிற பிள்ளை அவள். திடீரென்று, "நீங்களே ஜெபிங்க" என்று தலையைக் குனிந்துகொண்டாள். சாப்பாடு குறைந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்துப்போனது. போன் மணி அடித்தால் திடுக்கிட்டாள்.

என்னவென்று கேட்டேன். கேட்டேன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், உண்மையில் கத்தினேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது சபையில் எல்லோருக்கும் தெரியும். என் தொண்டையும் அப்படிப்பட்டது. மைக் கெட்டுப்போனால் இந்தச் சகோதரியைப் பேசச் சொல்லலாம் என்று போதகரே ஒருமுறை சிரித்திருக்கிறார். நான் கத்தக் கத்த அவள் இன்னும் உள்ளே போனாள்.

நாங்கள் பூர்வீகத்தில் மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்கள். என் கணவர் திருவனந்தபுரத்தில், சாலை பஜாரில் இரும்புச் சாமான் கடை நடத்துகிறார். திருமணமான நாளிலிருந்து இந்தத் திருவனந்தபுரத்தில்தான் இருக்கிறோம். ஒரே பிள்ளை. அவளுக்கு ஏதோ ஆகிறது, என்னவென்று தெரியவில்லை. அந்த மூன்று வாரம் நான் பட்ட பாட்டை எந்தத் தாயும் படக்கூடாது.

இங்கே என் தப்பைச் சொல்லியாக வேண்டும். சாட்சி சொல்ல எழுந்து, பிசாசை மட்டும் குறை சொல்லிவிட்டு உட்காருவது சுலபம்.

எங்கள் வீட்டில் டிவி கிடையாது. உலகம் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்பதில் நான் வைராக்கியமாக இருந்தேன். முந்தின வருஷம் பெனிட்டா ஒன்பதாம் வகுப்புக்குப் போனதும் படிப்புக்கென்று என் கணவர் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார், நெட் இணைப்பும் எடுத்தார். புதன்கிழமைதோறும் எங்கள் ஹாலில் வீட்டுக்கூட்டம் நடக்கும். வருகிறவர்கள் அந்தத் திரையைப் பார்த்தால், "சகோதரி வீட்டிலயும் டிவி வந்தாச்சா?" என்பார்களே! அந்தப் பயத்தில் அதைத் தூக்கி மகளின் அறையில் வைத்தேன். மேலே ஒரு பூப்போட்ட துணியைப் போட்டேன். கதவைச் சாத்தியே வைக்கச் சொன்னேன். விசுவாசிகளின் கண்ணுக்கு மறைத்தது என் கண்ணுக்கும் மறைந்துபோனது.

இரண்டாவது தப்பு இதைவிடப் பெரியது. நாங்கள் வாங்கும் ஜெபப் பத்திரிகையில் கடைசி இரண்டு பக்கம் ஜெபக் குறிப்புகள் வரும். விவரமாக எழுதினால்தான் பாரத்தோடு ஜெபிப்பார்கள் என்பது நம் வழக்கம். நானும் எழுதினேன். மகளின் பெயர், வயது, எந்தப் பள்ளி, எந்தத் தெரு, கணக்கில் பயம், கூச்ச சுபாவம், நெருங்கிய தோழிகள் இல்லை. கடைசியில் அவளுடைய ஈமெயில் விலாசம். அது ஜெபத்துக்காக அல்ல. நம் பிள்ளைக்கு ஈமெயில் இருக்கிறது என்று நாலு பேர் அறியட்டுமே என்ற பெருமைக்காக. அது அச்சில் வந்த மாதம் அந்தப் பக்கத்தை மடித்து என் வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டேன்.

இவையெல்லாம் தப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான், உபவாசம். மூன்று வெள்ளிக்கிழமை பச்சைத் தண்ணீர் குடிக்காமல் முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, இவள் வாயைத் திறந்தருளும்." வேறு எதையும் கேட்கவில்லை.

ஜூலை முதல் வாரம் எங்கள் சபையில் மூன்று நாள் கன்வென்ஷன். பாரத்தோடு பாடுகிறேன் என்று ஒரு கட்டை கூட்டியே பாடினேன். நாலாம் நாள் காலையில் எழுந்து மகளைக் கூப்பிட்டேன். வெறும் காற்று வந்தது. மறுபடி கூப்பிட்டேன். அதுவும் காற்று.

டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "பத்து திவசம் மிண்டருது" என்றார். பத்து நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாது, முணுமுணுக்கவும் கூடாதாம். என் கணவர் அவ்வளவு நல்ல மனுஷன், அன்றைக்குப் பார்த்து, "பதினஞ்சாக்கினாலும் பரவாயில்ல டாக்டரே" என்றார். வீட்டுக்கு வந்து படுக்கையில் விழுந்து அழுதேன். அழுகைக்கும் சத்தமில்லை. நான் கேட்டது என்ன, நீர் செய்வது என்ன என்று ஆண்டவரோடு சண்டை போட்டேன். அந்தச் சண்டையையும் வாய் திறக்காமல்தான் போட வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் வியாழக்கிழமை. பள்ளி விட்டு வந்தவள் சீருடையை மாற்றாமல் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். நான் மரச்சீனிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, உங்களால இப்ப சத்தம் போட முடியாதுல்லா?"

முடியாது என்று தலையாட்டினேன்.

"அப்ப ஒண்ணு சொல்லட்டா?"

தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல், கிழங்குத் தோலைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்.

பத்திரிகையில் ஜெபக் குறிப்பைப் பார்த்ததாக ரூபா அக்கா என்று ஒருத்தி ஈமெயில் எழுதியிருக்கிறாள். வேதாகமக் கல்லூரியில் படிக்கிறாளாம். தினமும் ஒரு வசனம், தினமும் ஒரு விசாரிப்பு. கணக்குப் பரீட்சை எப்படி, சாப்பிட்டாயா, யார் திட்டினார்கள். நான் ஒருநாளும் கேட்காததையெல்லாம் அவள் கேட்டிருக்கிறாள். பிள்ளை மனதைக் கொட்டிவிட்டது. பிறகு, "இது நமக்கும் ஆண்டவருக்கும் மட்டும், அம்மாவிடம் சொல்லாதே" என்று வந்திருக்கிறது. படத்தின்மேல் கைவைத்து ஜெபிக்க வேண்டும், அனுப்பு என்று வந்திருக்கிறது. பள்ளிக்குக் கொடுத்த போட்டோவை பிரௌசிங் சென்டரில் ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறாள். அதற்குப் பிறகு பேச்சே மாறிவிட்டது. சனிக்கிழமை கல்லாற்றில் வாலிபர் முகாம், நீ தனியாக வர வேண்டும், தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் என் அண்ணன் கையில் வேதாகமத்தோடு நிற்பார், அவரோடு வந்துவிடு. வராவிட்டால் நீ உன் அம்மாவைப் பற்றி எழுதியதையெல்லாம் உன் அம்மாவுக்கும் போதகருக்கும் அனுப்புவேன்.

"எனக்குப் பயமாயிருந்திச்சு. அக்கா எழுதியிருந்த நம்பருக்குப் பூத்திலேருந்து போன் பண்ணினேன். அக்கா எடுக்கல. ஒரு ஆளுதான் எடுத்தான். என் பேரைச் சொல்லிச் சிரிச்சாம்மா."

அன்றைக்கு எனக்குக் குரல் இருந்திருந்தால் முதல் வார்த்தையிலேயே கூரை பறந்திருக்கும். யாரைக் கேட்டு எழுதினே, யாரைக் கேட்டு படம் அனுப்பினே என்று நான் ஆரம்பித்திருப்பேன், அவள் அங்கேயே நிறுத்தியிருப்பாள். சனிக்கிழமை விடிந்திருக்கும். வாயைத் திறக்கவும் செய்தேன். காற்றுதான் வந்தது. அவள் பயந்து ஒருகணம் பார்த்தாள், காற்றுதான் என்று கண்டுகொண்டு மேலே சொன்னாள். கடைசி வரைக்கும் சொன்னாள்.

கத்தியைக் கீழே வைத்து, கையைத் துடைத்து, பேச்சுக்குப் பதிலாக வைத்திருந்த நோட்டில் எழுதிக் காட்டினேன்: "உன்மேல் எனக்குக் கோபம் இல்லை." அப்போது அது பாதிப் பொய். ஆண்டவர் மன்னிப்பாராக. அவள் என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். சின்னக் குழந்தையாக இருந்தபோது அப்படி அழுதவள்.

கடைக்குப் போன் போட்டேன். அவர் "ஹலோ, ஹலோ" என்கிறார், நான் என்ன பேச? பெனிட்டாவே ரிசீவரை வாங்கினாள். "அப்பா, உடனே வீட்டுக்கு வாங்க. அம்மாவுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான்."

அவர் வந்ததும், அந்த ஈமெயில்களையெல்லாம் அழித்துவிடலாம் என்று எழுதிக் காட்டினேன். மானம் போய்விடுமே என்ற பயம். அவர் என் கையைப் பிடித்துத் தடுத்தார். "ஒண்ணையும் அழிக்கப்படாது. இதுதான் நம்ம கையில இருக்கப்பட்ட சாட்சி." எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து மகளையும் கூட்டிக்கொண்டு அன்று மாலையே ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கே ஒரு பெண் அதிகாரி பெனிட்டாவைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, "மோளே, பேடிக்கண்டா. தெற்று மோள்டேதல்ல" என்றார். பயப்படாதே, தப்பு உன்னுடையது அல்ல என்று. ஒரு தாய் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. யாரோ ஒருவர் வாயால் ஆண்டவர் சொல்ல வைத்தார்.

சனிக்கிழமை காலை பெனிட்டா என்னோடு வீட்டில் இருந்தாள். சாதாரண உடையில் போலீஸ்காரர்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள், என் கணவரும் கூடப் போனார். நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவன், வெள்ளைச் சட்டை, கையில் வேதாகமம், கல்லாறு பஸ் நிற்கும் இடத்தில் காத்திருந்தானாம். முகாம் இல்லை, ரூபாவும் இல்லை. எல்லாம் அவன் ஒருவன்தான். அவர் திரும்பி வந்து சொன்னதில் ஒன்று எனக்கு மறக்காது. "அந்த வேதாகமத்துல தாளெல்லாம் ஒட்டிக்கிட்டு இருந்திச்சு. ஒருநாளும் விரிச்சுப் பாத்தவன் இல்ல." அதற்குள் ஒரு சின்ன நோட்டு இருந்ததாம். அதில் ஜெபக் குறிப்புகளைக் கத்தரித்து வரிசையாக ஒட்டியிருந்தான். எல்லாம் பெண் பிள்ளைகளுடையவை. ஐந்தாவதாக நான் எழுதியது. கூச்ச சுபாவம், தோழிகள் இல்லை என்ற வரியின் கீழே கோடு போட்டிருந்தான்.

பிறகு ஒருநாள், மகளிடம் கேட்டுக்கொண்டு, அவள் என்னைப் பற்றி எழுதியதைப் படித்தேன். "அம்மாவுக்கு என்னைவிட சபைதான் பெரிசு. எதையாவது சொன்னா முழுசா கேக்கறதுக்குள்ள கத்துவாங்க." இவ்வளவுதான். இதை எனக்கு அனுப்பிவிடுவான் என்று பயந்துதான் என் பிள்ளை அந்த பஸ்ஸில் ஏறப் பார்த்திருக்கிறாள்.

பதினோராம் நாள் குரல் வந்தது. "மன்னிச்சிரு மக்களே" என்று என் மகளிடம் சொன்னதுதான் நான் பேசிய முதல் வார்த்தை. அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "அம்மா, சவுண்ட் கொஞ்சம் கம்மியா இருக்கு. இப்படியே இருக்கட்டும்" என்றாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே அழுதோம்.

அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் ஹாலுக்கு வந்தது. புதன்கிழமை கூட்டத்திலும் துணி போடாமல் நிற்கிறது, கேட்கிறவர்கள் கேட்கட்டும். மவுஸைப் பிடிக்க எனக்கு மகள்தான் சொல்லிக்கொடுத்தாள், அவளுக்கு என்னிலும் பொறுமை அதிகம். யார் எழுதுகிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று ராத்திரி சாப்பாட்டில் சும்மா பேசுவோம். யாராவது "அம்மாகிட்ட சொல்லாதே" என்றால், அம்மாவிடம் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு. முகம் பார்க்காத யாருக்கும் படம் அனுப்புவதில்லை. வசனம் எழுதுகிறவனெல்லாம் விசுவாசி இல்லை. பத்திரிகைக்கும் நடந்ததை எழுதினேன். அவர்களும் மனம் கலங்கி, இப்போது "ஒரு தாய், மகளின் படிப்புக்காக" என்று மட்டும் போடுகிறார்கள். எந்தப் பிள்ளை என்று ஆண்டவர் அடையாளம் கண்டுகொள்வார்.

அந்த நோட்டில் இருந்த குடும்பங்களுக்குப் போலீஸ் தகவல் சொன்னது. சில மாதம் கழித்து, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எங்களைத் தேடிப்பிடித்துப் போன் செய்தார். அவர் மகளும் யாரோடும் பேசுவதில்லையாம். நான் ஜெபிக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பெனிட்டா ரிசீவருக்குக் கை நீட்டினாள். "அந்தப் பிள்ளைகிட்ட குடுக்கச் சொல்லுங்கம்மா." பிறகு என்னைப் பார்த்து, கொஞ்சம் வெளியே போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள். போனேன். முக்கால் மணி நேரம் வராந்தாவில் நின்றேன். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. என்னை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அற்புதம் என்று தெரியும்.

அருமையானவர்களே, பிள்ளைகளுக்காக நாம் கண்ணீரோடு கேட்கிறோம். அவர் பதில் தருகிறார். சில நேரம் அந்தப் பதில் நம் பிள்ளையின் உருவத்தில், சீருடையை மாற்றாமல், அடுக்களை வாசலில் வந்து நின்று, "ஒண்ணு சொல்லட்டா?" என்று கேட்கும். அப்போது அடுப்பை அணைத்துவிட்டு உட்காருங்கள்.